மூன்று தவணையில் போன ஒரு மணி நேரம்

மெல்பர்னில் படிக்கும் மகளை இரவு 8 மணிக்கு அழைத்தால் அங்கே மணி 10. அக்டோபர் முதல் ஞாயிறு கடந்துவிட்டால் அதே 8 மணி அங்கே 11 ஆகிவிடும். மகள் தூங்கப் போயிருப்பாள். லண்டனில் வேலை பார்க்கும் தம்பியின் கதையும் இதேதான். குளிர்காலத்தில் நமக்கு 8 மணி நேரம் பின்னால் இருப்பவர், மார்ச் கடைசி ஞாயிறு முதல் 7 மணி நேரம்தான் பின்னால் இருப்பார். கடிகாரத்தை வசந்தத்தில் ஒரு மணி நேரம் முன்னுக்குத் தள்ளி, இலையுதிர் காலத்தில் திரும்ப இழுத்துவிடும் இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் பகலொளி சேமிப்பு நேரம்.

இது வேண்டுமா வேண்டாமா என்று அந்த நாடுகளில் ஓயாத சண்டை. ஆண்டுக்கு இரு முறை நேரம் மாற்றுவதை நிறுத்திவிடலாம் என்று ஐரோப்பிய நாடாளுமன்றம் 2019-இல் வாக்களித்தது, இன்றுவரை நடக்கவில்லை. கோடைக்கால நேரத்தையே நிரந்தரமாக்கும் மசோதாவை அமெரிக்க செனட் 2022-இல் நிறைவேற்றியது. கீழவை அதைக் கையில் எடுக்கவே இல்லை. மெக்சிகோ அதே ஆண்டில் பெரும்பாலான இடங்களில் இந்த வழக்கத்தைக் கைவிட்டது.

நமக்கு அந்தத் தலைவலி இல்லை என்றுதான் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் நாம் ஆண்டு முழுவதும் பகலொளி சேமிப்பு நேரத்தில்தான் வாழ்கிறோம். அவர்கள் தள்ளிய கடிகாரத்தைத் திரும்ப இழுக்கிறார்கள், நாம் இழுக்கவே இல்லை. அவ்வளவுதான் வேறுபாடு.

சந்தேகம் இருந்தால் வீட்டு வாசலில் ஒரு குச்சியை நேராக நட்டுப் பாருங்கள். சூரியன் உச்சியில் இருக்கும்போதுதான் நிழல் மிகக் குறுகியதாக இருக்கும். அது நண்பகல், 12 மணி என்று பள்ளியில் படித்திருப்போம். கோலாலம்பூரில் அந்த நிழல் குறுகுவது சராசரியாகப் பகல் 1.13 மணிக்கு. பிப்ரவரியில் 1.27 வரைகூடப் போகும். சூரியன் 6 மணிக்கு உதித்து 6 மணிக்கு மறையும் என்பது நமக்கு 7.15-க்கு உதித்து 7.15-க்கு மறைவதாக ஆகிவிட்டது. சிங்கப்பூரில் இதைவிடச் சில நிமிடம் முந்தி, பினாங்கில் சில நிமிடம் பிந்தி.

பூமியைச் சுற்றி 15 பாகைக்கு ஒரு மணி நேரம் என்பது கணக்கு. நம் தீபகற்பம் கிழக்கே சுமார் 100 முதல் 104 பாகை வரை நீள்கிறது. இதற்குப் பொருந்துவது கிரீன்விச் நேரத்தைவிட 7 மணி நேரம் முந்திய நேரம். தாய்லாந்து அப்படித்தான் வைத்திருக்கிறது, மேடான் அப்படித்தான் வைத்திருக்கிறது. புக்கிட் காயு ஹீத்தாம் எல்லையைக் கடந்தால் கைக்கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைக்கிறோம். சிங்கப்பூரிலிருந்து படகேறி, கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருக்கும் பத்தாம் தீவில் இறங்கினாலும் அதே கதை. கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சூரியன் ஒரே நேரத்தில்தான் உதிக்கிறது. கடிகாரம் மட்டும் வேறு.

எப்படிப் போனது அந்த ஒரு மணி நேரம்?

ஒரே நாளில் போகவில்லை. மூன்று தவணையில் போனது.

1901 ஜனவரி 1 முதல் நீரிணைக் குடியேற்றங்களும் கூட்டு மலாய் மாநிலங்களும் சிங்கப்பூரின் உள்ளூர் நேரத்தைப் பொது நேரமாக ஏற்றன. அது கிரீன்விச்சுக்கு 6 மணி 55 நிமிடம் 25 விநாடி முந்தியது. இந்தச் சில்லறைக் கணக்கு சரிப்படாது என்று 1905 ஜூன் 1 முதல் முழுதாக 7 மணி நேரம் ஆக்கினார்கள். அன்றைக்குக் கடிகாரமும் சூரியனும் ஏறக்குறைய ஒத்துப்போயின. கோலாலம்பூரில் சராசரியாகக் காலை 6.13-க்கு உதயம்.

பிறகு வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு ஒரு யோசனை வந்தது. அலுவலகம் முடிந்து வெளியே வந்தால் சிறிது நேரத்திலேயே இருட்டிவிடுகிறது, மாலையில் விளையாட்டுக்கும் ஓய்வுக்கும் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தால் நல்லது என்பது வாதம். ஆளுநர் லாரன்ஸ் கில்லமார்ட் 1920-இல் அரை மணி நேரம் தள்ளலாம் என்றார்; ஏற்கப்படவில்லை. பன்னிரண்டு ஆண்டு கழித்து அதே கருத்து 20 நிமிடமாகச் சுருங்கி மீண்டும் வந்து, சட்டமாகி, 1933 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டத்தின் பெயரே பகலொளி சேமிப்புச் சட்டம். தற்காலிகம் என்று சொல்லித்தான் தொடங்கினார்கள். 1936-இல் நிரந்தரமாகிவிட்டது. இது முதல் தவணை.

1941 செப்டம்பர் 1-இல் இன்னொரு 10 நிமிடம் சேர்த்து 7 மணி 30 நிமிடம் ஆக்கினார்கள். இரண்டாம் தவணை.

அடுத்த ஆண்டு பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. ஜப்பானியர்கள் தோக்கியோ நேரத்தைக் கொண்டுவந்தார்கள். ஒரேயடியாக ஒன்றரை மணி நேரம் முன்னால். அந்த மூன்றரை ஆண்டுகளில் பெரும்பாலான நாட்களும் கோலாலம்பூரில் சூரியன் உதித்தபோது கடிகாரம் 8 மணியைத் தாண்டியிருந்தது. ஆட்சி யாருடையது என்பதைக் கடிகாரத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம் என்றால் அந்தக் காலத்தைத்தான் சொல்ல வேண்டும். 1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பியதும் மறுபடி ஏழரை.

மூன்றாம் தவணை பலருக்கு நினைவிருக்கும். 1981 டிசம்பர் 31 இரவு 11.30 மணி ஆனதும் கடிகாரத்தை 12-க்குத் தள்ளினோம். அந்த ஆண்டின் கடைசி அரை மணி நேரம் இந்த நாட்டில் நடக்கவே இல்லை. அப்போது டாக்டர் மகாதீர் பிரதமராகி ஆறு மாதம்கூட ஆகவில்லை. சபாவும் சரவாக்கும் ஏற்கெனவே 8 மணி நேரத்தில் இருந்தன. ஒரே நாட்டுக்கு ஒரே நேரம் வேண்டும் என்பதற்காகத் தீபகற்பம் அவர்களோடு சேர்ந்தது. வணிகமும் போக்குவரத்தும் பின்னிக் கிடக்கும் சிங்கப்பூர் தனியாக நிற்க முடியாமல் அதே நள்ளிரவில் கூடவே மாறியது.

20-உம் 10-உம் 30-உம் சேர்த்தால் சரியாக 60 நிமிடம்.

ராகு காலம் எத்தனை மணிக்கு?

இந்தக் கணக்கு வெறும் சரித்திரம் இல்லை என்பதற்கு வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியே சாட்சி. திங்கட்கிழமை ராகு காலம் காலை 7.30 முதல் 9 வரை, வெள்ளிக்கிழமை 10.30 முதல் 12 வரை என்று மனப்பாடமாகச் சொல்வோம். இது எப்படி வந்தது? உதயம் முதல் அஸ்தமனம் வரை உள்ள பகலை எட்டாகப் பிரிக்கிறார்கள். திங்களுக்கு இரண்டாம் பங்கு, வெள்ளிக்கு நான்காம் பங்கு, ஞாயிறுக்குக் கடைசிப் பங்கு. சூரியன் 6 மணிக்கு உதிக்கும் என்று வைத்துக்கொண்டு போட்ட அட்டவணை அது. தமிழ்நாட்டுக்கு அது ஏறக்குறையப் பொருந்தும்.

நம் தாத்தா பாட்டி கப்பலில் வந்து இறங்கிய காலத்தில் இங்கேயும் பொருந்தியது. 6 மணிக்குப் பதில் 6.13, அவ்வளவுதான் வித்தியாசம். பிறகு மூன்று தடவை கடிகாரம் நகர்ந்தது, அட்டவணை நகரவில்லை. 7.15-க்கு உதயம் என்று எடுத்துக்கொண்டால் திங்கள் ராகு காலம் 8.45 முதல் 10.15 வரை. வெள்ளி 11.45 முதல் 1.15 வரை. ஞாயிறு மாலை 5.45 முதல் 7.15 வரை. அதாவது வெள்ளிக்கிழமை 11 மணிக்கு ராகு காலம் என்று பயந்து, 12 தாண்டட்டும் என்று காத்திருந்து, 12.15-க்கு மாலை மாற்றுகிறவர்கள் சாஸ்திரக் கணக்குப்படி ராகு காலத்துக்குள்ளேயே போய் நிற்கிறார்கள்!

நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் நம்புகிறவர்கள் நாட்காட்டி வாங்கும்போது அது இந்த ஊர் உதயத்தை வைத்துக் கணித்ததா என்று பார்த்து வாங்கலாம். கோயில் குருக்களிடம் கேட்டாலும் தவறில்லை. முஸ்லிம் அண்டை வீட்டாருக்கு இந்தக் குழப்பம் கிடையாது. தொழுகை நேரம் வட்டாரம் வட்டாரமாக, நாள்தோறும் சூரியனைக் கணித்து வெளியிடப்படுகிறது. கடிகாரத்தை எப்படி மாற்றினாலும் அது சூரியனோடு போய்விடும்.

சேமிக்க என்ன இருக்கிறது?

குளிர்நாட்டில் பகலொளி சேமிப்புக்கு ஒரு நியாயம் உண்டு. லண்டனில் ஜூன் மாதம் பகல் பதினாறரை மணி நேரத்துக்கு மேல், டிசம்பரில் எட்டு மணி நேரத்துக்குக் கீழ். கோடையில் விடியற்காலை 4 மணிக்கு முன்பே வெளிச்சம் வந்து, ஊர் தூங்கிக்கொண்டிருக்கையில் வீணாகிறது. அந்த வெளிச்சத்தில் ஒரு மணி நேரத்தை மாலைக்கு மாற்றிக்கொள்வதுதான் திட்டம். முதல் உலகப் போரில் நிலக்கரியை மிச்சப்படுத்த ஜெர்மனி 1916 ஏப்ரலில் தொடங்கியது. பிரிட்டன் சில வாரத்தில் பின்தொடர்ந்தது.

நிலநடுக்கோட்டின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நமக்கு? கோலாலம்பூரில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் சுமார் 22 நிமிடம்தான் வித்தியாசம். சிங்கப்பூரில் 10 நிமிடம்கூட இராது. இதில் கோடை ஏது, குளிர்காலம் ஏது? ஆகவே ஆண்டுக்கு இரு முறை மாற்றுவது இங்கே அர்த்தமற்றது. இதில் விவாதத்துக்கு இடமே இல்லை.

மின்சாரம் மிச்சமாகும் என்ற வாதமும் வெப்பமான ஊர்களில் நிற்கவில்லை. அமெரிக்காவின் இந்தியானா மாநிலம் முழுவதும் 2006-இல் இந்த முறைக்கு வந்தபோது ஆய்வாளர்கள் மின்கட்டணங்களைப் பார்த்தார்கள். விளக்குச் செலவு குறைந்தது, குளிர்சாதனச் செலவு கூடியது. மொத்தத்தில் வீட்டு மின்பயன்பாடு சுமார் 1 விழுக்காடு ஏறியிருந்தது. வெயிலடிக்கும்போதே வீட்டுக்கு வந்து ஏர்கோன் விசையைத் தட்டும் நமக்கு இது புரியாத விஷயமில்லை.

நம்மைப் போன்ற வெப்ப நாடான இலங்கை 1996-இல் இதைச் செய்து பார்த்தது. மழை பொய்த்து நீர்மின்சாரம் குறைந்ததால் மே மாதம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னுக்கு வைத்தார்கள். அக்டோபரில் அரை மணி நேரத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், மீதி அரை மணி 2006 ஏப்ரல் வரை போகவில்லை. அந்தப் பத்தாண்டும் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் பழைய நேரமே நடந்தது. ஒரே தீவுக்குள் இரண்டு நேரம்.

இருட்டில் கிளம்புகிறவர்கள்

நிரந்தரமாக முன்னால் வைத்த கடிகாரத்தால் யாருக்கு லாபம், யாருக்கு நட்டம்? லாபம் மாலையில் இருக்கிறது. 6 மணிக்கு வேலை முடித்து வருகிறவருக்கு இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம். பிள்ளைகள் திடலில் பந்து விளையாடலாம், தொழிற்சாலைப் பேருந்தில் வந்து இறங்கும் பெண்கள் வெளிச்சத்தோடு வீடு சேரலாம். இதைச் சாதாரணமாக நினைக்கக்கூடாது. கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைத்தால் நவம்பரில் கோலாலம்பூரில் மாலை 6 மணிக்கே சூரியன் மறைந்துவிடும்.

நட்டம் காலையில் இருக்கிறது, அது எல்லாரிடமும் ஒரே மாதிரி வசூலிக்கப்படுவதில்லை.

தோட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பால்மரத்துக்கு மணி தெரியாது. இரவுக் குளிர்ச்சியில் மரத்துக்குள் அழுத்தம் கூடியிருக்கும், விடியலுக்கு முன்னும் விடிந்த சிறிது நேரத்துக்குள்ளும் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் ஓட்டம் குறைந்து கோட்டிலேயே உறைந்துவிடும். அதனால்தான் நம் முன்னோர் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் நுழைந்தார்கள். கடிகாரம் எப்படி மாறினாலும் வெட்டுக்கான நேரம் சூரியனை ஒட்டியே இருந்தது. பெரட்டு நேரத்தைத் தோட்ட நிர்வாகம் தன் வசதிக்கு நகர்த்திக்கொள்ள முடியும். செம்பனைக்கும் அப்படித்தான்.

நகர்த்த முடியாதது பள்ளிக்கூட மணி. 7.30-க்குப் பள்ளி என்றால் 7.15-க்கு வாசலில் இருக்க வேண்டும். பல தோட்டங்களில் தமிழ்ப்பள்ளி நடந்து போகும் தூரத்தில் இல்லை. தோட்டம் துண்டாடப்பட்ட பிறகு பிள்ளைகள் இருபது முப்பது நிமிடம் வேனில் போகிறார்கள், அந்த வேன் பத்து வீட்டில் நின்று நின்று போகிறது. முதல் வீட்டுப் பிள்ளை 6 மணிக்குச் சாலையோரம் நிற்க வேண்டியிருக்கிறது. பிப்ரவரி மாதத்தில் கோலாலம்பூரில் உதயம் 7.27, பினாங்கில் 7.35. சூரியக் கணக்கில் பார்த்தால் ஏழு வயதுப் பிள்ளை விடியற்காலை நாலே முக்கால் மணிக்குப் பையை மாட்டிக்கொண்டு நிற்கிறது. நாயும் பாம்பும் லாரியும் நடமாடும் சாலையில். அதே நேரத்தில் சபாவின் கோத்தா கினபாலுவில் வானம் வெளுத்திருக்கும். கடிகாரம் ஒன்றுதான், விடியல் ஏறக்குறைய ஒரு மணி நேரம் முந்தி.

தூக்கமும் இதில் அடிபடுகிறது. உடம்பின் கடிகாரத்தை முடுக்குவது காலை வெளிச்சம். மாலை வெளிச்சம் தூக்கத்தைத் தள்ளிப்போடும். அதனால்தான் அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம், கோடைக்கால நேரத்தை நிரந்தரமாக்காதீர்கள், சூரியனை ஒட்டிய வழக்கமான நேரத்தையே நிரந்தரமாக்குங்கள் என்று சொல்லிவருகிறது. அமெரிக்கா இதை ஒரு முறை பட்டுத் தெரிந்துகொண்டது. எண்ணெய் நெருக்கடியின்போது 1974 ஜனவரியில் கோடைக்கால நேரத்தை ஆண்டு முழுவதற்கும் ஆக்கினார்கள். குளிர்கால இருட்டில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய பெற்றோர் கொதித்தார்கள். இரண்டாண்டுச் சோதனை அந்த அக்டோபரிலேயே கைவிடப்பட்டது.

நம்மோடு ஒரே நேரத்தில் இருக்கும் பெர்த் நகரைக் கொண்ட மேற்கு ஆஸ்திரேலியாவும் மூன்று கோடைக்காலம் சோதித்துவிட்டு 2009-இல் மக்களிடமே கேட்டது. ஏறத்தாழ 55 விழுக்காட்டினர் வேண்டாம் என்றனர். அங்கே வாக்கெடுப்பில் இது தோற்றது நான்காவது முறை. நம்மிடம் 1933-இலும் யாரும் கேட்கவில்லை, 1982-இலும் கேட்கவில்லை.

திரும்ப இழுக்கலாமா?

பழைய நேரத்துக்கே திரும்பிவிடலாம் என்று சமூக ஊடகங்களில் அவ்வப்போது குரல் எழுகிறது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தீபகற்பம் மட்டும் திரும்பினால் சபா, சரவாக்கோடு மறுபடி இரண்டு நேரம். நாடு முழுவதும் 7 மணி நேரத்துக்குப் போனால் கோத்தா கினபாலுவில் நவம்பர் மாதத்தில் மாலை 5 மணிக்கே இருட்டத் தொடங்கும். சிங்கப்பூர் நம்மோடு வருமா என்பது இன்னொரு கேள்வி. வராவிட்டால் ஜொகூர் பாலத்தைத் தினமும் இரு முறை கடக்கும் லட்சக்கணக்கானவர்கள் காலையில் ஒரு மணி நேரத்தை இழந்து மாலையில் பெறுவார்கள். அந்தக் கூட்டத்தில் நம்மவர்களும் கணிசம். ஆகவே கடிகாரத்தை இருக்கிற இடத்திலேயே விட்டுவிடலாம் என்பதே என் எண்ணம். 

அதற்குப் பதிலாக மணியை நகர்த்தலாம். சீனா முழுவதற்கும் ஒரே நேரம், நம் நேரமேதான். மேற்குக் கோடியில் இருக்கும் சின்ஜியாங்கில் சூரியன் இரண்டு மணி நேரம் தாமதம். அங்கே கடிகாரத்தை மாற்றாமல் பல அலுவலகங்களைக் காலை 10 மணிக்குத் திறக்கிறார்கள். அதுபோல் தீபகற்பத்தில் ஆரம்பப் பள்ளிகள் மட்டுமாவது 8 மணிக்குத் தொடங்கினால், 1982-இல் பிள்ளைகளிடமிருந்து எடுத்த அரை மணி நேரம் அவர்களுக்குத் திரும்பக் கிடைக்கும்.

இதற்கும் முட்டுக்கட்டைகள் உண்டு. வேன் ஓட்டுநர் முதலில் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளை இறக்கிவிட்டு அடுத்த சுற்றுக்கு ஓடுகிறார், இரண்டு நடை ஓட்டினால்தான் அவருக்குக் கட்டுப்படி. 8 மணி வேலைக்குப் போகும் பெற்றோர் பிள்ளையை விட்டுவிட்டுப் போக முடியாது. காலை, மதியம் என்று இரண்டு வேளை நடக்கும் பள்ளிகளில் மதிய வகுப்பு இன்னும் பிந்தும். ஆனால் ஐம்பது அறுபது பிள்ளைகள் மட்டும் படிக்கும் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகளில் மதிய வகுப்பும் இல்லை, இட நெருக்கடியும் இல்லை. முதலில் அங்கே சோதித்துப் பார்க்கலாம். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் நிதி அறிக்கையும் விளையாட்டுப் போட்டியும் பேசி முடித்த பிறகு, எத்தனை பிள்ளைகள் விடியுமுன் சாலையில் நிற்கிறார்கள் என்று ஒரு கணக்கெடுத்து, தலைமையாசிரியர் வழியாகக் கல்வி இலாகாவுக்கு எழுதலாம். வேன் ஓட்டுநரையும் அந்தக் கூட்டத்துக்கு அழையுங்கள். எந்த வீட்டுப் பிள்ளை எத்தனை மணிக்கு ஏறுகிறது என்பது அவருக்குத்தான் தெரியும்.